சல்வீனியாவைக் கொண்டு கற்பியுங்கள்: கொழும்பின் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நிறமூர்த்தத் தொகுதிகளைப் பாதியாக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவை ஒரு தவணையில் முடித்துவிட்டு, சூழலியலைப் பரீட்சைக்கு முன்னால் அவசர அவசரமாக ஓட்டுகிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதேயில்லை. அலகுகளை இடம்மாற்றச் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே தாவரத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்குச் சல்வீனியா என்ற, நீரில் மிதக்கும் பன்னக் களை போல வசதியானது வேறில்லை.

1939இல் கொழும்பின் தாவரவியல் ஆய்வுகூடம் ஒன்றின் வழியாக நாட்டுக்குள் வந்து, வயலுக்கும் கால்வாய்க்கும் தப்பிப்போன செடி அது. கலத்தில் 45 நிறமூர்த்தங்கள். அதாவது 9 வீதம் ஐந்து தொகுதி. கரும்பலகையில் ஒரே நிறமூர்த்தத்தின் ஐந்து பிரதிகளை வரைந்து, சோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று மிஞ்சும். ஒடுக்கற்பிரிவில் அது கலத்தின் எந்த முனைவுக்குப் போகும் என்பதற்கு ஒழுங்கே இல்லை. நீருக்கடியில் வித்திக்கலன்கள் கொத்தாகத் தொங்கினாலும் உள்ளே உருப்படியான வித்தி இல்லாததன் காரணம் இதுதான்.

மலட்டுச் செடி எப்படிக் குளத்தை மூடுகிறது? தண்டு கணுவில் முறிந்தால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடி. வேலை முழுவதும், தாய்க்கலத்தைப் போன்ற கலங்களையே தரும் இழையுருப்பிரிவுக்குரியது. இந்த இடத்தில் இரண்டு செடிகளை அருகருகே வையுங்கள்: தனியே மிதந்த ஒன்று, நெரிசலில் வளர்ந்த ஒன்று. முதலாவதன் இலை சிறியது, தட்டையானது. மற்றதன் இலை பெரியது, நடுவில் மடிந்தது. 'இரண்டு இனம்' என்று பாதி வகுப்பு சொல்லும். பிறப்புரிமையமைப்பு (பரம்பரையலகுகளின் அமைப்பு) ஒன்று, தோற்றவமைப்பு (வெளித்தோற்றம்) இரண்டு. இதைவிடத் தெளிவான உதாரணம் பாடநூலில் கிடைக்காது. கீழே தொங்குவதை வேர் என்று எழுதினால் புள்ளி கொடுக்காதீர்கள். அது உருமாறிய மூன்றாவது இலை.

இனங்காணல் ஏன் முக்கியம் என்பதற்கும் இதே செடி சாட்சி. இதை நெடுங்காலம் வேறொரு சல்வீனியா இனமாக எண்ணியிருந்தார்கள். 1972இல்தான் தனி இனமாக விபரிக்கப்பட்டது. தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்று 1978இல் தெரிந்த பிறகே, அங்கே இதைத் தின்னும் இரண்டு மில்லிமீற்றர் வண்டு கிடைத்தது. அந்த வண்டு 1980இல் அவுஸ்திரேலியாவிலும் 1986இல் இலங்கையிலும் விடப்பட்டது. செடியில் நைதரசன் குறைந்தால் வண்டும் பெருகாது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

குடித்தொகை வளர்ச்சிச் செய்முறைக்கு மட்டும் சல்வீனியா வேண்டாம். ஆய்வுகூடத்திலிருந்து தப்பியதை மறுபடி ஆய்வுகூடத்தில் வளர்ப்பானேன்? லெம்னா என்ற மிகச் சிறிய மிதக்கும் நீர்த்தாவரம் போதும். வெறுமையான ஐஸ்கிரீம் பெட்டியில் 500 மில்லிலீற்றர் நீர். குழாய்நீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். நீரில் கரையும் அல்பேட் உரம் அரைக் கிராம் கரைத்து, லெம்னாவின் 10 முழு இலைகளை மிதக்கவிட்டு, வெளிச்சமான யன்னலோரம் வையுங்கள். நேர்வெயிலில் சிறு பெட்டி கொதித்துப்போகும். உரமில்லாவிட்டால் ஒரு வாரத்தில் இலை வெளிறி வேர் நீளும். பிள்ளைகள் அதை இடநெருக்கடி என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு நாளுக்கொருமுறை, மூன்று வாரம் எண்ணவேண்டும். தாய் இலையின் விளிம்புக்கு வெளியே தெரியும் எந்த மொட்டும் ஒன்று என்று முதல் நாளே வகுப்பில் தீர்மானியுங்கள். ஆளுக்கொரு விதமாக எண்ணினால் வரைபு ஏறி இறங்கும். எண்ணிக்கையின் மடக்கையைக் குறித்தால் முதலில் நேர்கோடு, பிறகு வளைவு. ஆறு நாளில் 10, 40 ஆனால் இரட்டிப்பு நேரம் மூன்று நாள். நேர்கோட்டுப் பகுதியில் மட்டுமே இதைக் கணிக்கலாம். வளைவு தொடங்கிய பின் கணிப்பதுதான் நாங்கள் அடிக்கடி திருத்தும் பிழை.

பெட்டியை நுளம்பு வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருபவரிடம் செய்முறைப் பரீட்சை என்று சொன்னால் எடுபடாது. முடிந்ததும் லெம்னாவைச் சீமெந்துத் தரையில் சருகாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். கானில் ஊற்றவேண்டாம், கான் கால்வாய்க்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து உயிரியல் ஆசிரியர்கள் சிலர்