தம்பியின் விசாவும் பிள்ளைகளின் வயதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அக்கா தனக்காக மனு செய்தால் எத்தனை நாளில் அங்கே குடியேறலாம் என்று, தங்கள் ஞாயிறு மலரின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘பல ஆண்டுகள் ஆகலாம்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் தவறில்லை. ஆனால், அதே ஒரு வரியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு எங்கள் குடும்பம் எடுத்த முடிவுகளை நினைக்கும்போது, அந்த வாசகருக்கு மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த சில நாட்களிலேயே, 2006 மார்ச்சில், மதுரையில் இருக்கும் என் தம்பிக்காக, உறவினரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை அனுப்பினேன். அப்போது தம்பிக்கு 31 வயது, அவன் மகளுக்கு 7, மகனுக்கு 2. மனு அங்கீகரிக்கப்படவே 4 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு வரிசையில் நின்றோம். தம்பியின் முறை 2025 தொடக்கத்தில்தான் வந்தது. இப்போது அவனுக்கு வயது 50.

இந்த வரிசை ஏன் இப்படி ஊர்கிறது என்பது மனு போடும் பலருக்குத் தெரிவதில்லை. உடன்பிறந்தோருக்கான எஃப் 4 பிரிவில், 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 65,000 விசாக்கள்தான் உண்டு. மனுதாரரின் தம்பி, தங்கையோடு அவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும்கூட இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்க வேண்டும். அதற்கு மேல், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வேறு. வரிசையில் காத்திருப்பவர்களோ 20 லட்சத்துக்கும் மேல். 2025 இறுதி நிலவரப்படி, இந்தியாவில் பிறந்தவர்களில் 2006 நவம்பருக்கு முன் மனு போடப்பட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. இதைப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் 19 ஆண்டுகள்’ என்று இன்று மனு போடுபவர் கணக்கிட்டால் ஏமாந்துபோவார். 19 ஆண்டு என்பது 2006-இல் வரிசையில் நின்றவர்களின் கணக்கு. அவர்களுக்குப் பின்னால் சேர்ந்த கூட்டத்தின் கணக்கு அதைவிட நீளமானது.

அப்படியென்றால் மனுவே போட வேண்டாமா என்றால், போட வேண்டும், நாளைக்கு என்று தள்ளாமல் போட வேண்டும் என்பதே என் கருத்து. குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த எவரும் தம்பி, தங்கை, அண்ணன், அக்காவுக்காக மனு செய்யலாம். நிரந்தரமாக வசிக்கும் அனுமதியான கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் உடன்பிறப்புக்கு மனு செய்ய முடியாது. கட்டணம் இணையவழியில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். மனு போய்ச் சேரும் தேதிதான் வரிசையில் நம் இடம் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னுக்குப் போகும் மாதம். இந்தப் பிரிவையே நீக்கும் மசோதா ஒன்று 2013-இல் அமெரிக்க செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறாததால்தான் இன்னும் இந்த வழி திறந்திருக்கிறது.

குடும்பத்தில் இருவர் குடியுரிமை பெற்றிருந்தால், இருவரும் அதே தம்பிக்குத் தனித்தனியாக மனு போட்டுவைப்பது நல்லது என்பதை நான் தாமதமாகவே தெரிந்துகொண்டேன். மனு செய்தவர் இடையில் இறந்துபோனால், பெரும்பாலும் மனுவும் அவரோடு முடிந்துவிடும். முன்பே அங்கீகரிக்கப்பட்டிருந்தால் மனிதாபிமான அடிப்படையில் மீட்கக் கோரலாம். ஆனால் அது அதிகாரிகளின் விருப்பத்துக்கு உட்பட்டது. இருபது ஆண்டு என்பது மனித ஆயுளில் சிறிய காலம் இல்லை. மனு போட்டபோது முழுநேர வேலையில் இருந்த நான், முறை வந்தபோது ஓய்வு பெறும் நிலையில் இருந்தேன். வருபவர்களையும் சேர்த்த குடும்ப அளவுக்கு, வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் இருப்பதாக மனுதாரர் உறுதிப் பத்திரம் தர வேண்டும் என்பதால், என் மகனைக் கூட்டுப் பொறுப்பாளராகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஆவணங்களையும் அன்றே சரிபார்த்துவிட வேண்டும். நானும் தம்பியும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று நிரூபிக்க இருவரின் பிறப்புச் சான்றிதழ்களே அடிப்படை. என் சான்றிதழில் அப்பாவின் பெயர் ‘ன்’ என்ற எழுத்தில் முடிகிறது, தம்பியுடையதில் ‘ம்’ என்று முடிகிறது. தம்பியின் சான்றிதழில் அவன் பெயரே இல்லை, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. இந்த இரண்டையும் சரிசெய்ய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெரியப்பாவின் உறுதிமொழிப் பத்திரம் என்று ஒரு கோப்பே சேர்ந்தது. பெரியப்பா அப்போது இருந்தார். இருபது ஆண்டு கழித்து இதைத் தேடியிருந்தால் சாட்சி சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இருந்திருக்க மாட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். தம்பிக்கு விசா வரும்போது அவன் மனைவியும், திருமணமாகாத, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் உடன் வரலாம். பிள்ளைகள் காத்திருப்பிலேயே வளர்ந்துவிடுகிறார்கள் என்பதற்காக 2002-இல் ஒரு சட்டம் வந்தது. முறை வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு அங்கீகாரத்துக்காகக் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். அங்கீகாரத்துக்குப் பின் வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது. முறை வந்தபோது தம்பி மகனுக்கு 21 வயது முடிந்திருந்தது. 4 ஆண்டைக் கழித்தால் 17, அவன் வரலாம். மகளுக்கு 26, கழித்தால் 22, அவள் வர முடியாது. அங்கீகாரம் தாமதமாகிறதே என்று நான் அன்று புலம்பிய அந்த 4 ஆண்டுகள்தான் மகனைக் காப்பாற்றின. மகளைக் காப்பாற்ற அவை போதவில்லை. வயது கடந்த பிள்ளைக்குப் பழைய வரிசைத் தேதியையாவது தர வேண்டும் என்ற வாதத்தையும், இந்தப் பிரிவைப் பொறுத்தவரை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்கவில்லை. தம்பி இங்கே வந்து கிரீன் கார்டு பெற்ற பின், திருமணமாகாத மகளுக்காகப் புதிதாக மனு போடலாம். அதற்கு இன்றைய நிலையில் மேலும் ஒன்பது ஆண்டு போல் ஆகும். அதுவரை அவள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது.

“அக்கா, மூணு பேர் மட்டும் எப்படிக்கா கிளம்புறது?” என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இதைத் தவிர்த்திருக்க முடியுமா என்றால், முடிந்திருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2019-இல் பொறியியல் பட்டம் முடித்த தம்பி மகள், இங்கே வந்து முதுநிலை படிக்க ஆசைப்பட்டாள். நான்தான் தடுத்தேன். குடும்ப விசா நிலுவையில் இருக்கும்போது மாணவர் விசா கேட்டால் மறுத்துவிடுவார்கள், மறுப்பு பதிவானால் பின்னால் அதற்கும் இடைஞ்சல், சற்றுப் பொறுத்தால் எல்லோரும் சேர்ந்தே வந்துவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். யாரோ சொன்னதைக் கேட்டு நான் சொன்னது அது. நிலுவையில் மனு இருப்பவருக்கு மாணவர் விசா கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. படிப்பை முடித்துத் திரும்புவார் என்று விசா அதிகாரி நம்ப வேண்டும். மனு இருப்பது அந்த நம்பிக்கையைக் குறைக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு சிரமம்தானே தவிர, மூடிய கதவு இல்லை. விண்ணப்பத்தில் மனுவைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பதுதான் நிரந்தரமாகக் கதவை மூடும். அன்றைக்கே காகிதத்தில் அவள் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால், 2023-க்குள் முறை வராவிட்டால் அவள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவாள் என்று தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை. பதின்மூன்று ஆண்டுகளாக நான் அதைச் செய்யவில்லை.

பெற்றோர் வழியாக வரும் பாதையையும் கேள்வி கேட்ட வாசகர் யோசித்துப் பார்க்கலாம். குடியுரிமை பெற்ற மகளோ மகனோ பெற்றோருக்கு மனு போட்டால் எண்ணிக்கை வரம்பு இல்லை, வரிசையும் இல்லை. அம்மா கிரீன் கார்டு பெற்ற பின், திருமணமாகாத தன் பிள்ளைக்காக அவரே மனு போடலாம். உடன்பிறந்தோர் வரிசையோடு ஒப்பிட்டால் அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ பாதி. ஆனால் அந்தப் பிள்ளை இடையில் திருமணம் செய்துகொண்டால், அம்மா குடியுரிமை பெறாத நிலையில், மனு அந்த நாளே செல்லாமல் போகும். திருமணமானவருக்கு மனு போட அம்மா முதலில் குடியுரிமை பெற வேண்டும், அதற்கு 5 ஆண்டு. பிறகு வரிசை 14 ஆண்டு போல். ஆகவே மணமான தம்பிக்கு இந்த வழியால் பெரிய லாபம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மா உண்மையிலேயே இங்கே வசிக்க வேண்டும். என் அம்மா ஒரு குளிர்காலம் முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டு ஓட்டுநர் காரின் மேல் விழுந்த பனியைச் சுரண்டுவதைப் பார்த்தபடியே கழித்தார். ஏப்ரலில் ஊருக்குப் போனவர் திரும்பி வர மறுத்துவிட்டார். மகனுக்காக வயதானவர்களை இங்கே பிடித்துவைப்பது சரியா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலை வழியாக வருவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்களுக்குக் குடியேறும் எண்ணம் தடையில்லை என்பதால், நிலுவையிலுள்ள மனு அங்கே பாதகமாகாது. ஆனால் எச்-1பி ஆண்டுக்கு 85,000 மட்டுமே, தேர்வும் குலுக்கலில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அமெரிக்க அதிபரின் 2025 செப்டம்பர் பிரகடனத்துக்குப் பிறகு அந்த வாசல் இன்னும் குறுகிவிட்டது. உடன்பிறப்பின் கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால், அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்தலாம் என்ற விதியும் இருக்கிறது; சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்த மருமகள் வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காதான் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு வேறு நாடுகளில் அண்ணன், அக்கா இருப்பது உதவும். கனடாவில் வசிக்கும் உடன்பிறப்பு, விதிவிலக்கான சில நிலைகள் தவிர, நேரடியாக ஸ்பான்சர் செய்ய முடியாது. ஆனால் தகுதி பார்த்துக் குடியேற்றும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் புள்ளிக் கணக்கில், அங்கே உடன்பிறப்பு இருப்பதற்கு 15 புள்ளிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களுக்கு வெளியே வசிக்கும் உடன்பிறப்பு, பட்டியலிலுள்ள தொழிலில் தகுதி பெற்ற, 45 வயதுக்கு உட்பட்டவரை, அந்த வெளிப்பகுதிகளில் வசித்து வேலை செய்வதற்கான 491 விசாவுக்கு ஸ்பான்சர் செய்யலாம். தம்பிக்கு 45 வயது ஆகும் முன்பே இதை விசாரித்திருக்க வேண்டும். 50 வயதில் விசாரித்துப் பயனில்லை.

காத்திருப்பின் நீளத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். எஃப் 4 வரிசையைப் பணம் கட்டி முந்த எந்த ஏற்பாடும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிடலாம் என்று சொல்பவரை நம்பக் கூடாது. காலாவதிக்குப் பின் 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டைக் கடந்தால் 10 ஆண்டும் மீண்டும் நுழையத் தடை. பெயருக்குத் திருமணம் செய்துகொண்டதாகத் தீர்மானிக்கப்பட்டால், அதன்பின் அவருக்காக யார் மனு போட்டாலும் அது அங்கீகரிக்கப்படாது. அக்கா இருபது ஆண்டு காத்த மனுவும் அதில் அடங்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று காட்டும் விசா புல்லட்டினை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் குடும்பப் பிரிவுகளுக்கான இந்தியத் தேதிகள் ஐந்தே ஐந்து. தங்கம், வெள்ளி விலை போடும் இடத்துக்குப் பக்கத்தில், மாதம் ஒரு முறை அந்த ஐந்து தேதிகளையும் வெளியிட்டால், ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் பிள்ளையின் வயதை அதோடு வைத்துப் பார்ப்பார். தம்பி மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். முதுநிலைப் படிப்புக்கு மீண்டும் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறாள். இந்த முறை கட்டணத்தை நான் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி