குளிர்ந்து கிடந்த முள்ளெலி: ஒரு சகோதரிக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் முள்ளெலி இறந்த செய்தியை அறிந்து வருந்தினேன். அது உறக்கத்தில்தான் இருந்ததோ, உயிரோடு இருந்ததைப் புதைத்துவிட்டோமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவனக்குறைவால்தான் அது போயிற்றா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன், பக்கத்துக் கூண்டில் இருக்கும் மற்றொன்றைப் பற்றிப் பேச வேண்டும். இப்போதைக்கு அவசரமானது அதுதான்.

நாம் வீட்டில் வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த நான்கு விரல் முள்ளெலி. ஐரோப்பிய முள்ளெலி குளிர்காலத்துக்கு முன்பே தின்று கொழுத்து, கூடு கட்டி, உடல் வெப்பத்தைத் தானே தாழ்த்திக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கிப் பின் எழக்கூடியது. நம்முடையதற்கு அந்தத் தயாரிப்பு எதுவும் கிடையாது. குளிர் தாக்கும்போது அதன் உடலும் அதே வழியில் இறங்கப் பார்க்கும். ஆனால், இறங்கியபின் தானாக ஏறி வருவதற்கான வலு பெரும்பாலும் அதனிடம் இருப்பதில்லை. ஆகவே, 'அதன் இயல்பு, தானே எழுந்துவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கூண்டுக்குள் வெப்பம் 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 20-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்ப வேண்டாம். முள்ளெலி படுத்திருக்கும் தரைமட்டத்தில், கூண்டுக்குள்ளேயே ஒன்றை வையுங்கள். குளிர் மட்டுமே காரணம் என்றும் இல்லை. பகல் வெளிச்சம் குறைந்துபோவதும், உடல் மெலிவதும், உள்ளே வளரும் நோயும்கூட இந்த உறக்க நிலையைத் தூண்டும். தினமும் 12 முதல் 14 மணி நேரம் விளக்கு எரியட்டும்.

அறிகுறிகளைக் கண்ணால் தேடுவதைவிடக் கையால் தேடுவது மேல். நலமாக உள்ள முள்ளெலியைப் பகலில் எழுப்பினால் அது கோபித்துக்கொள்ளும். நெற்றி முட்களை முன்னால் தள்ளி, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். வெப்பம் இழந்து வருவதோ, சீறாது. சுருள முயன்றாலும் பந்து முழுமையாக மூடாது. மூக்கோ வயிற்றின் ஓரமோ வெளியே தெரியும். அந்த இடைவெளியில் விரலை நுழைத்து வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைவிட அது குளிர்ந்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. முந்தைய இரவின் உணவு அப்படியே இருப்பதும் எச்சரிக்கைதான். இவை ஓடும்போதே எச்சமிடும் பழக்கமுள்ளவை என்பதால், கூண்டில் அது ஓடும் சக்கரம் காலையில் துப்புரவாக இருந்தால் தயவுசெய்து மகிழாதீர்கள்; இரவு அது ஓடவே இல்லை என்று பொருள்.

நடையில் தள்ளாட்டம் இருந்தால் மட்டும் சற்றுக் குழப்பம் வரும். பின்னங்கால்களில் தொடங்கி மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் ஒன்று இவற்றுக்கு உண்டு. குளிரால் வந்த தள்ளாட்டம் உடல் சூடேறியதும் நின்றுவிடும். அந்த நோயால் வந்தது நிற்காது.

குளிர்ந்திருப்பதைக் கண்டால், சட்டைக்குள் உங்கள் உடலோடு அணைத்து, மேலே போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். ஹீட்டிங் பேட் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், துணி மடித்துப் போட்டு, அதன்மேல் கிடத்தலாம். வெந்நீரில் இறக்கக் கூடாது. ஈரம் உலரும்போது இருக்கிற வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். நன்றாக விழித்து, விழுங்கும் நிலைக்கு வரும்வரை வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் அசைவு திரும்பாவிட்டால், அணைத்தபடியே மருத்துவரிடம் புறப்படுங்கள். எழுந்து நடமாடினாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். அடுத்த சில நாட்களில் அது மீண்டும் இறங்க முயல்வது சகஜம். சளியும் நெஞ்சுத் தொற்றும் பிடிப்பதும் அப்போதுதான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும் என்பதால், சூடேற்றிப் பார்க்காமல் இறந்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது என்பது உண்மையே. ஆனால் நீங்கள் சூடேற்றிப் பார்த்தீர்கள். மருத்துவரும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்ன பிறகே அடக்கம் செய்தீர்கள். அந்தச் சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல இயலாது. அன்றிரவு ஹீட்டர் நின்றுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். குளிருக்குப் பங்கே இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அதே நேரம், அதற்கு நான்கு வயதாகியிருந்தது. வளர்ப்பு முள்ளெலிகளின் ஆயுளே பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகள்தான். மூன்று வயதைக் கடந்தவற்றில் கட்டிகள் மிகச் சாதாரணம். எந்த நோயால் சாகும் உயிரும் கடைசியில் குளிர்ந்துதான் போகும். பலவீனத்தை மறைப்பது இவற்றின் பிறவிக் குணம் என்பதால், உள்ளே என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. குளிர் காரணமா விளைவா என்பதை உடற்கூறாய்வால்தான் ஓரளவு சொல்லியிருக்க முடியும். அதற்கு உடலை உறைய வைக்காமல், குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில் வைத்து விரைவில் ஒப்படைக்க வேண்டும். இனி அது கைகூடாது. தெரியாத ஒன்றுக்கு உங்களைக் குற்றவாளியாக்கித் தீர்ப்பெழுத வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

'ஒரு எலிக்காகவா இவ்வளவு அழுகை' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போகாதீர்கள். உங்கள் இரவு நேரங்கள் அதைச் சுற்றியே அமைந்திருந்தன. அந்த நேரம் வரும்போதெல்லாம் வெறுமை தட்டத்தான் செய்யும். மகளிடம் 'தூங்கிவிட்டது' என்று சொல்லாமல் 'இறந்துவிட்டது' என்றே சொல்லுங்கள். பகல் முழுவதும் தூங்கும் இன்னொரு முள்ளெலி வீட்டில் இருக்கும்போது, அந்த மழுப்பல் குழந்தையை இன்னும் கலங்கடிக்கும். மற்றொன்று தனித்துப்போயிற்றே என்று அதன் கூண்டில் புதிதாக ஒன்றை விட்டுவிடவும் வேண்டாம். தனித்து வாழும் விலங்கு அது. துணை என்று நாம் விடுவது அதற்குப் பெரும்பாலும் சண்டையாகத்தான் முடியும்.

நின்றுபோன ஹீட்டரைப் பழுது பார்ப்பதைவிட, தெர்மோஸ்டாட் இணைந்த, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை வாங்கிப் பொருத்துங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். கூண்டின் இரவு வெப்பத்தையும் ஒரு வாரம் குறித்து எனக்கு அனுப்பினால், எங்கே குறைகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்