அங்கி அளவு கொடுத்தாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மே மாதம் வருகிறது. பட்டமளிப்பு வாரத்தின் தேதிகளை உன் பல்கலைக்கழகத்தின் காலண்டரில் பார்த்துவிட்டேன். அங்கிக்கு உயரம், எடை, தலைச் சுற்றளவு கேட்பார்கள். கொடுத்தாயா? தைத்து வாங்குவதென்றால் பல வாரம் ஆகும். வாடகை அங்கிதான் என்றாலும், கடைசித் தேதி தாண்டினால் மிச்சமிருக்கும் அளவுதான் கிடைக்கும். செருப்பு போட்டுக்கொண்டு அளந்து சொல். விளிம்பு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நீளம் கூடினால் மேடைப்படியில் காலை வாரும்.

முனைவர் அங்கி மற்றவர்களுடையது போல இருக்காது. கை மணி போல விரிந்திருக்கும், ஒவ்வொரு கையிலும் மூன்று வெல்வெட் பட்டை. ஹூட், அதாவது கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும் துணி, நான்கு அடி நீளம், அதன் வெல்வெட் ஓரம் ஐந்து அங்குலம். பிஎச்டி என்றால் எந்தத் துறையானாலும் அந்த ஓரம் கருநீலம். உள் பட்டுத் துணியில்தான் பல்கலைக்கழகத்தின் நிறம். அமெரிக்காவில் 1895-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடி வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கருநீலம் போடப்போகிற முதல் ஆள் நீ. அத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஹூடிங் அன்று, அதாவது ஹூட் மாட்டிவிடும் விழாவன்று, ஹூடைப் போட்டுக்கொண்டு போகாதே. வெல்வெட் வெளியே தெரிய மடித்து இடது கையில் தொங்கவிட்டுப் போ. வழிகாட்டி உன் தலைக்கு மேலாக மாட்டுவார். உன்னை விடக் குள்ளமானவர் என்றால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொடு. மாட்டியதும் பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல். உள் துணியைப் பிரித்து வெளியே திருப்பாவிட்டால் நிறமே தெரியாது, போட்டோ எல்லாம் வீண். ஹூடின் பாரம் முழுக்க முதுகுப் பக்கம். அதனால் அது பின்னால் இழுத்து இழுத்துக் கழுத்தை நெரிக்கும். முன்னாலுள்ள சின்ன வளையம் சட்டைப் பட்டனில் மாட்டத்தான். புடவை கட்டினால் பட்டன் ஏது? இரண்டு தோளிலும் உள்பக்கமாக ஊக்கு குத்தி அங்கியோடு பிடித்துக்கொள். வெல்வெட்டில் இஸ்திரிப் பெட்டி வைக்காதே, பளபளவென்று தடம் விழுந்துவிடும். குளியலறை ஆவியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும்.

பெயர் அட்டையில் உச்சரிப்பைப் பிரித்துப் பிரித்து எழுது. உன் பெயரிலுள்ள ழகரம் அவர்கள் வாயில் வராது. மேடையேறும் முன் வாசிப்பவரிடம் ஒருதரம் நீயே சொல்லிக்காட்டு. அளவையும் கொடுத்துவிடு.

இன்னொன்று. மேடையில் கொடுப்பது பெரும்பாலும் வெறும் உறைதான். ஆய்வேட்டை ஒப்படைத்து, பதிவாளர் அலுவலகம் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பட்டம் வரும். நிகழ்ச்சி நிரலில் பெயர் அச்சாவதும் பட்டம் கிடைப்பதும் வேறு வேறு. முனைவர் பட்டத்துக்கு, ஒப்படைக்காமல் மேடையேற விடாத இடங்களும் உண்டு. ஒப்படைக்கும் கடைசித் தேதி விழாவுக்கு முன்பே வந்துவிடும். உனக்குத் தெரியாததா. ஆனால் பொங்கலுக்குப் பிறகு நீ ஆய்வேடு என்ற சொல்லையே எடுக்கவில்லை. அம்மா கேட்டாலும் பேச்சை மாற்றுகிறாய். அதனால்தான் அங்கி, அளவு என்று சுற்றிச் சுற்றி எழுதுகிறேன்.

பாப்பா, ஐந்து வருஷமாக நான் உன்னிடம் "எப்போது முடிப்பாய்" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. நீ எதைப் பற்றி ஆராய்கிறாய் என்று யாராவது கேட்டால் தலைப்பைச் சொல்வேன். அதற்கு அர்த்தம் தெரியாது. உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு. நீ என்னிடம் சொல்லத் தயங்கினால் அதற்குக் காரணமும் நான்தான்.

இந்த மே இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நான்கு ஊக்கு இதோடு வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காதவை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

அப்பா