சுனையில் நெளியும் சிவப்புப் புழுவுக்குப் பெயர் வையுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கே.ஆர்.பி. அணைக்கரையில் அந்தி நேரத்தில் தூண் போல எழும்பி ஆடும் பூச்சிக் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரில் அதைக் கொசு என்றே சொல்கிறோம், மருந்தும் அடிக்கிறோம். ஆனால் இது கைரோனோமஸ் வகைப் பூச்சி, இதற்குக் கடிக்கிற வாயே கிடையாது. கொசுவின் நீண்ட ஊசிமூக்கு இல்லை, இறக்கையில் செதிலும் இல்லை. உட்காரும்போது கொசு பின்னங்காலைத் தூக்கும், இது முன்னங்காலைத் தூக்கும்.

தண்ணீர்த் தொட்டியின் அடியில் சிவப்பாக நெளிவது இதன் புழுதான். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக் கிடப்பது அதனால்தான். 1881-ல் பால்பியானி என்ற விஞ்ஞானி ராட்சதக் குரோமோசோமைக் கண்டது இந்தக் கைரோனோமஸ் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில். பாடத்தில் அதை நடத்துகிறோம். நம்மூர்ப் புழு என்ன இனம் என்று கேட்டால் மட்டும் 'ஏதோ ஒரு கைரோனோமஸ்' என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். நானும் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன், எனக்கு அது மனசு ஒப்பவில்லை.

ஒருமுறை குன்றின் மேல் சுனையிலிருந்து புழுக்களை அள்ளி வந்து ஒரே பாட்டிலில் வளர்த்தேன். பூச்சிகள் வெளிவந்தன. ஆனால் எந்தப் புழு எந்தப் பூச்சியானது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று, உழைப்பு மொத்தமும் வீண். மாணவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ஒரு குழாய்க்கு ஒரு புழு, கொஞ்சம் சேறு, வாயில் பஞ்சு. புழு உரித்த தோல், கூட்டுப்புழுவின் தோல், வெளிவந்த ஆண் பூச்சி மூன்றையும் ஒரே எண்ணில் சேர்த்து வைக்க வேண்டும். புழுத் தலையின் அடியிலுள்ள ரம்பப் பல் தகடும், ஆணின் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்பும் கண்ணாடித் தகட்டில் தெளிவாகப் படிந்தால்தான் இனத்தைப் பிரித்தறிய முடியும். பெண் பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அணையை விட எனக்குச் சுனைகள்தான் முக்கியம். நைஜீரியாவில் இப்படிப்பட்ட பாறைக் குழிகளில் வாழும் ஒரு புழுவுக்கு 1951-ல் பூச்சியியலாளர் ஹின்டன் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்று பெயரிட்டார். வெயிலில் உடல் நீர் சுமார் 3 சதவீதமாகச் சுருங்கிக் காய்ந்து கிடக்கும், 17 ஆண்டு கழித்துத் தண்ணீர் விட்டாலும் மறுபடி நெளியும். நம் சுனைகளும் கோடையில் வற்றி மழையில் நிறைகின்றன. அவற்றில் வாழ்வது எது என்று தேடிப் பார்க்கும் முன்பே கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துக்கொண்டிருக்கிறோம். அறுத்த குன்றில் சுனை திரும்ப வராது.

புதிய இனம் என்று உறுதியானால் மூல மாதிரியை, அதாவது பெயருக்கு ஆதாரமாக வைத்த பூச்சியை, அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையில் மண்டல மையம் இருக்கிறது, அங்கே ஒப்படையுங்கள். அடுத்து வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இந்த ஐப்பசி மழையில் சுனைகள் நிறைந்ததும் தொடங்கலாம். குன்றேறத் துணை வேண்டுமென்றால் குழாய்களையும் வடிவலையையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
அணைக்கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்