ஆகஸ்ட் 5 அல்ல, மே 8

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தக் குழுவுக்குத் தமிழில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம். விக்கு விநாயகராம் கடம் வாசித்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தைக் கேட்டவர்களில்கூட, அதை முன்னின்று செய்த மிக்கி ஹார்ட் இந்தக் குழுவின் டிரம்மர் என்று அறிந்தவர்கள் குறைவு. அதற்காக நன்றி. ஆனால் குறை சொல்ல எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம். குறை சொல்லத்தான் எழுதுகிறோம்.

முதலில் தேதி. புகழ்பெற்ற கார்னெல் கச்சேரி 1977 ஆகஸ்ட் 5 அன்று நடந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். சி.டி. அட்டையில் உள்ள 5/8/77 என்பது மே 8. நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி அது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் 1977-05-08 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிடுகிறார்கள். கணினியில் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும் என்பது கூடுதல் வசதி. முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்த குழுவுக்கு இந்த வரிசை இல்லாமல் ஆகாது.

தேதி சின்ன விஷயம். "மேடை மிக்ஸரிலிருந்து நேரே எடுத்ததே அசல், கூட்டத்தில் நின்று எடுத்தவை திருட்டுப் பதிவுகள்" என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படி விட முடியவில்லை. இரண்டு பாதியும் தவறு. (மிக்ஸர் என்பது மேடையின் மைக், கருவிகளின் ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி.)

திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழு அனுமதித்தது. 1984 அக்டோபரில் பெர்க்லி கச்சேரிகளிலிருந்து டேப் எடுப்பவர்களுக்கென்று தனி டிக்கெட்டும் தனி இடமும் கொடுத்தது. அந்த இடம் ஒலிப் பொறியாளரின் மேசைக்குப் பின்னால். முன்னால் நின்றவர்களின் மைக் கம்பங்கள் சவுக்குத் தோப்பு மாதிரி எழுந்து மேடையையே மறைத்ததால் வந்த ஏற்பாடு. விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றுதான்: காசுக்கு விற்கக் கூடாது. ஒரு கேசட்டுக்கு இன்னொரு கேசட், இல்லையென்றால் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும். 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் மிக்ஸர் பதிவுகளைத் தரவிறக்கும் வசதி நிறுத்தப்பட்டு, அங்கேயே கேட்க மட்டும் முடியும் என்றானபோதும், கூட்டத்துப் பதிவுகள் சில நாட்களிலேயே மறுபடி தரவிறக்கத்துக்குத் திறந்துவிடப்பட்டன. அவை திருட்டு என்றால் நடந்தது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இனி 'மிக்ஸர் பதிவே அசல்' என்பதைப் பார்ப்போம். மிக்ஸரிலிருந்து வரும் கலவை அரங்கின் ஸ்பீக்கர்களுக்காகச் செய்தது, டேப்புக்காக அல்ல. சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) சத்தம் மேடையிலிருந்தே எல்லோருக்கும் கேட்டுவிடும். அதனால் பொறியாளர் மிக்ஸரில் கிட்டாரை இறக்கி, குரலை ஏற்றி வைப்பார். அரங்கில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கும். அந்தக் கம்பியிலிருந்து எடுத்த டேப்பிலோ குரல் முகத்துக்கு நேரே கத்த, குழுவின் முதன்மைக் கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியாவின் கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். முதல் பாட்டில் இது மோசமாக இருக்கும். பொறியாளர் அளவுகளைப் பிடிப்பதே அந்தப் பாட்டில்தான்.

1974-ஆம் ஆண்டுப் பதிவுகளில் குரல் மெலிந்து, அடிக்குரலே இல்லாமல் கேட்பதற்கும் காரணம் உண்டு. அந்த ஆண்டு 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற பிரம்மாண்டமான ஸ்பீக்கர் சுவரைப் பாடகர்களுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அப்படி வைத்தால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக மாற்றினார்கள். தூரத்திலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் மைக்கை ஒட்டிப் பாடும் குரல் மட்டும் மிஞ்சும். குரலின் கனமும் கொஞ்சம் சேர்ந்து அழிந்துவிடும் என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை. வாய் சற்று விலகினால் குரலே காணாமல் போகும். இதை டேப்பின் கோளாறு என்று நினைத்து 'பாஸ்' கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஊதுமே தவிர, போன குரல் வராது.

கார்னெல் பதிவு ஏன் இவ்வளவு தெளிவு? குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன், ஸ்பீக்கருக்குப் போகும் கலவையை அப்படியே எடுக்காமல் பதிவுக்கென்று தனிக் கலவை செய்தார். அவருடைய டேப்புகள் வாடகை கட்டாத கிடங்கு ஒன்றிலிருந்து 1986-ல் ஏலம் போய், வாங்கியவர்களிடமிருந்து பிரதிகளாக ரசிகர்களிடம் பரவின. மூல டேப்புகள் வெகுகாலம் கழித்தே திரும்பின; அதிகாரபூர்வ வெளியீடு 2017-ல்தான் வந்தது. அதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்துவிட்டது.

கூட்டத்துப் பதிவின் குறைகள் வேறு வகை. சோனி டி.சி.-டி5எம் என்ற கையடக்க டெக் (கேசட் பதிவுக் கருவி), இரண்டு பெரிய பேட்டரி, மேக்ஸல் எக்ஸ்.எல்.டூ 90 கேசட், தலைகளுக்கு மேலே உயரத் தூக்கிய இரண்டு மைக்குகள்: 80-களின் வழக்கமான சரக்கு இது. மைக்கை உயர்த்துவது பெருமைக்காக அல்ல. தலை மட்டத்தில் வைத்தால் முன்னால் நிற்பவர்களின் உடம்பு சிம்பலின் மேல் ஒலியைத் தின்றுவிடும், பக்கத்தில் இருப்பவரின் அரட்டை பாட்டை மீறிப் பதிவாகும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். கச்சேரியின் இரண்டாவது பகுதியின் நடுவே டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கும் கட்டம் வரும். கைதேர்ந்தவர்கள் கேசட்டை அப்போதுதான் திருப்புவார்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறோமே, ஏறக்குறைய அந்தக் கணக்கு. மிக்ஸர் பதிவுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 7 அங்குல ஸ்பூலில் 1,200 அடி டேப், நொடிக்கு 7½ அங்குல வேகம் என்றால் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரே பாட்டை 25 நிமிடம் நீட்டும் குழுவுக்கு அது போதுமா? அந்த இடைவெளிகளைக் கூட்டத்துப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டி நிரப்புகிறார்கள். கட்டுரையாளர் தள்ளிவிட்ட பதிவுகள் இல்லாவிட்டால் அவர் போற்றும் பதிவுகள் பல நடுவில் ஓட்டையோடு நிற்கும்.

இரண்டையும் கலந்து செய்வதை 'மேட்ரிக்ஸ்' என்பார்கள். மிக்ஸரின் தெளிவும் அரங்கின் உயிரும் சேர்ந்து வரும், ஒழுங்காகச் செய்தால். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மைக் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் கூட்டத்துப் பதிவு 88 மில்லிநொடி பிந்தி நிற்கும். ஸ்னேர் டிரம்மின் ஓர் அடியை இரண்டு அலைவடிவங்களிலும் தேடிப் பிடித்து, கூட்டத்துப் பதிவை அந்த அளவுக்கு முன்னால் இழுக்க வேண்டும். அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பத்தாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு டெக்குகளின் வேகம் ஒன்றாக இருக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. சில மில்லிநொடி பிசகினால் குழாய்க்குள் பாடுவதுபோல் உள்ளீடற்றுக் கேட்கும். 30, 40 மில்லிநொடியைத் தாண்டினால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழும். கேசட்டின் வேகம் பாட்டுக்குள்ளேயே ஆடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடியைப் பிடித்துப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். மிக்ஸர் 60 முதல் 70 பங்கு, மீதி கூட்டம் என்று தொடங்கிக் காதால் தீர்மானிப்பது நல்லது.

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டின் சுருதியை நம்ப முடியாது. கிட்டார்களை எந்தச் சுருதியில் சேர்த்தார்கள் என்று சத்தியம் செய்ய யாரும் இல்லை. ஆனால் பாட்டுகளுக்கு இடையே ஆம்ப்புகள் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். அது மின்சாரத்தின் முனகல். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அந்த இடத்தை அலைமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம்) காட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். சிகரம் 61.2-ல் நின்றால் டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். 20 நிமிடப் பாட்டு 19 நிமிடம் 36 நொடியில் முடியும், சுருதி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும். சில சமயம் இரண்டு சிகரங்கள் தெரியும்: ஒன்று 60-ல் ஆணி அடித்ததுபோல் நிற்கும், மற்றொன்று அசைந்தாடும். ஆடாமல் நிற்பது கடைசியாகப் பிரதி எடுத்த டெக்கின் முனகல். ஆடுவதுதான் மேடையிலிருந்து வந்தது. அதை வைத்தே திருத்த வேண்டும். மூல டேப் கையில் உள்ளவர்களுக்கு இதைவிட நுட்பமான வழி உண்டு. பதிவின்போது டேப்பில் செலுத்தப்படும் காதுக்கு எட்டாத உயர் அதிர்வின் தடயத்தைத் தனி ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) வைத்துப் படித்து, அதன் ஆட்டத்தைக் கொண்டு இசையின் ஆட்டத்தை நேராக்கும் 'பிளான்ஜென்ட்' முறை. கார்னெல் வெளியீட்டுக்கு அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் "மென்பொருளால் இரைச்சலை முற்றிலும் நீக்கிவிட்டுக் கேளுங்கள்" என்று ஒரு யோசனை. தயவுசெய்து வேண்டாம். 'உஸ்' என்ற டேப் இரைச்சலும் சிம்பல் அடங்கும் வால் ஒலியும் ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போய், மிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும். இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே முறை. ஒரே தரமான டேப்புகள் என்று வைத்துக்கொண்டால், மூலமும் ஒரு பிரதியும் சேர்ந்தால் இரைச்சல் 3 டெசிபல் கூடும். சங்கிலியில் நான்கு டேப் என்றால் 6. ஆகவே எத்தனையாவது பிரதி என்று கூடவே வரும் குறிப்பைப் படித்து, மூலத்துக்கு நெருங்கியதைத் தேடுங்கள். குறிப்பே இல்லாத கோப்பை நாங்கள் தொடுவதில்லை. ஒலியைச் சுருக்கிய எம்.பி.3-ஐ மறுபடி தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக ஆக்கி ஏமாற்றுபவர்களும் உண்டு. அலைமாலையில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமை தெரிந்தால் பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

கேசட்டைக் கணினிக்கு ஏற்றுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு திருகை, டேப் ஓடும்போதே, மோனோவில் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) கேட்டுக்கொண்டு மெல்லத் திருப்புங்கள்; கால் சுற்றுக்குள்ளேயே மேல் ஒலி பளிச்சென்று திறக்கும் இடம் வரும். எதிர்ப்பக்கத் திருகைத் தொடாதீர்கள். டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்ததா என்று தெரியாவிட்டால் அணைத்தே ஏற்றுங்கள். பிறகு வேண்டுமானால் சரிசெய்யலாம். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் எடுத்தால் போதும்.

வீட்டில் பழைய ஸ்பூல் டேப் வைத்திருக்கும் நம்மூர் வாசகர்களுக்கும் ஒன்று. 70-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளின் பசை ஈரத்தை உறிஞ்சி, ஓட்டும்போது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள்; தொடர்ந்தால் பழுப்புத் துகள் உரிந்து, இசை அதோடு போகும். ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமாவது சீராகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். சமையலறை ஓவன் கூடாது, சூடு எகிறும். அதற்கு முன் ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை டேப். அதைச் சூடாக்கினால் சுருண்டு பாழாகிவிடும்.

1993-ல் தொடங்கி 36 தொகுதிகள் வந்த 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற அதிகாரபூர்வக் கச்சேரிப் பதிவு வரிசையின் அட்டைகளில், மூல டேப்பின் குறைகள் இதில் இருக்கும், பார்த்து வாங்குங்கள் என்று குழுவே அச்சிட்டது. விற்பவர்களே அப்படிச் சொல்லிக் கொடுத்ததைத் 'தெளிவின் உச்சம்' என்று தங்கள் கட்டுரை புகழ்ந்திருக்கிறது. தேதியோடு அந்த வரியையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள் இருவர்,
சென்னை