எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டாயே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. தோளைப் பற்றிப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. மாடுகளுக்குள் கைவிட்டுச் சினை பார்த்துப் பார்த்தே தேய்ந்த தோள் அது. இவ்வளவு காலம் தாங்கியதே பெரிசு. இனி மாட்டைத் தொடாதே என்று டாக்டர் சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? நாய், பூனை கிளினிக்குக்கு மாறுவது சரியான முடிவுதான். ஆனால் ‘இந்த வயதில் மறுபடி முதலாம் ஆண்டு மாணவனாக உட்கார வேண்டியிருக்கிறதே’ என்று அலுத்துக்கொண்டாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்திலிருந்தே நாய், பூனை மட்டும் பார்த்துவரும் நானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பக்கத்தில் பெரிய செய்தி ஒன்றுமில்லை. தையல் போட இப்போது கண்ணாடி தேவைப்படுகிறது. கிளினிக்கில் புதிதாக ஒரு இளம் டாக்டர் சேர்ந்திருக்கிறாள், படு சூட்டிகை. நான் மருந்து எழுதினால், “சார், இது எந்த வருஷத்து வழிகாட்டுதல்?” என்று சாதுவாகக் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ராத்திரியில் வெபினார் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆன்லைன் கோர்ஸ் பெயர்களை வரிசையாக எழுதி, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் எதையும் டிக் அடிக்கப் போவதில்லை. போன மாதம் எந்தக் கேஸ் உன்னைத் தூங்கவிடாமல் செய்தது? அதை முதலில் ஒரு தாளில் எழுது. அதற்குப் பதில் சொல்லும் பாடத்தைத் தேடு. கோர்ஸைப் பிடித்துக்கொண்டு கேஸைத் தேடினால், சான்றிதழ்தான் சேரும்.

பூனைகளுக்கு வரும் எஃப்ஐபியை, அதாவது பூனைக் கொரோனா வைரஸால் வரும் அந்த உயிர்கொல்லி நோயை எடுத்துக்கொள். வயிற்றில் ஊசி போட்டு இழுத்தால் மஞ்சளாக, பிசுபிசுவென்று நூல் இழுக்கும் அந்த நீர் ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்ததுமே பூனையின் சொந்தக்காரரை உட்காரவைத்துக் கெட்ட செய்தி சொல்லத்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 25 பூனைகள் நீண்ட காலம் பிழைத்தன. கொரோனாவின்போது எல்லோரும் பேசிய ரெம்டெசிவிரின் தாய் மூலக்கூறுதான் இது. ஆனால் அப்போது பல நாடுகளில் சட்டப்படி வாங்க வழியில்லை. பூனை வளர்ப்பவர்கள் தாங்களே எங்கிருந்தோ வரவழைத்து, ஒருவருக்கொருவர் அளவு சொல்லிக்கொடுத்து, தாங்களே ஊசி போட்டார்கள். கால்நடை மருத்துவர்கள் பலருக்கு அவர்களிடமிருந்துதான் விஷயமே தெரியவந்தது. நம் தொழிலுக்கு இது கொஞ்சம் வெட்கமான கதைதான். பிரிட்டனில் 2021-இலும் அமெரிக்காவில் 2024-இலும் மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கும் வழி பிறந்தது. அது பழகுவதற்குள், நீர் கோத்த வகைக்கு 84 நாள் மருந்து தேவையில்லை, 42 நாளே போதும் என்று இன்னொரு ஆய்வு 2024-இல் வந்துவிட்டது.

இந்த வேகத்துக்கு எந்தப் பாடப்புத்தகம் ஈடுகொடுக்கும்? அச்சாகி அலமாரிக்கு வருவதற்குள் பழசாகிவிடும். ஆன்லைன் படிப்பை நான் மதிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வீட்டிலிருந்தே படிக்கலாம், பயணம் மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

உன்னைப் போல கிளினிக்கில் தனியாக இருப்பவனுக்கு இன்னொரு லாபமும் உண்டு, பேச்சுத்துணை. பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும், டாரின் கொடுத்தால் தேறிவிடும் என்று 1987-இல் கண்டுபிடித்துச் சொன்னாரே பால் பியான், அவர்தான் 1991-இல் இன்னொருவருடன் சேர்ந்து வின் என்ற கால்நடை மருத்துவர் வலையமைப்பைத் தொடங்கினார். இணையம் நம் வீடுகளுக்கு வராத காலம் அது. தனியாக உட்கார்ந்து குழம்பும் டாக்டர், விஷயம் தெரிந்தவரிடம் கேட்டு உடனே தெளிவு பெறவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கோர்ஸ் தேடும்போதும் இதைப் பார்: பாடம் நடத்துபவரிடம் கேள்வி கேட்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் வீடியோ.

உனக்கு நான் முதலில் சொல்வது மயக்க மருந்தும் வலி நிவாரணமும். தோல், காது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சைலசின் என்ற மயக்க மருந்து விஷயத்தில் மாடு எவ்வளவு மென்மை என்பது உன் கைக்கே தெரியும். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கிலேயே படுத்துவிடும். அந்தக் கைக்கணக்கை நாய், பூனையிடம் கொண்டுவராதே. கேப்னோகிராஃப் பார்க்கப் பழகு. வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 35-லிருந்து 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் நிம்மதி. சட்டென்று சரிந்தால் குழாய் கழன்றிருக்கலாம், இதயமே நிற்கப் போகலாம். இதை ஆன்லைனில் அருமையாகக் கற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த அலைக்கோடுகள் எப்படியும் திரையில்தான் ஓடுகின்றன.

வலிக்கு வருகிறேன். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பூனை முகத்தை வைத்து வலியை மதிப்பிடும் ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். பயிற்சி இணையத்தில் இலவசம். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து கொடு. எங்கள் அசிஸ்டென்ட் பையன் கருத்தடை முடிந்த பூனையைக் கூண்டில் பார்த்துவிட்டு, “அமைதியா படுத்திருக்கு சார்” என்பான். இந்தப் பயிற்சியை அவனையும் உட்காரவைத்துப் பார்க்கச் செய்தேன். அடுத்த முறை அவனே வந்து கூப்பிட்டான். பூனை அசையாமல்தான் இருந்தது; ஆனால் காதுகள் வெளிப்பக்கம் திரும்பி விரிந்திருந்தன, கண் பாதி இடுங்கியிருந்தது, மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, தலை தோளுக்குக் கீழே தொங்கியது. அதற்கு அமைதி என்றா பெயர்? மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முகமே வேறு. டாக்டர் மட்டும் படித்தால் போதாது, பூனைக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவன் படிக்கவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இதயத்துக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. வயதான சிறிய இன நாய்களில் இதய முணுமுணுப்பு நிறைய கேட்பாய். மூச்சு வாங்கட்டும், அப்புறம் மருந்து என்பது நம் காலத்துப் பாடம். 2016-இல் வந்த எபிக் ஆய்வு 360 நாய்களை வைத்து அதை மாற்றியது. இதயம் பெரிதாகிவிட்டது, ஆனால் அறிகுறி இல்லை என்ற கட்டத்திலேயே பிமோபெண்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதம்போலத் தள்ளிப்போகிறது. நல்ல செய்தி. ஆனால் பெரிதாகிவிட்டதா என்பதை யார் அளப்பது? ஸ்கேனில் இடது மேலறைக்கும் மகாதமனிக்கும் உள்ள விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். வீடியோவில் நிபுணர் கையை வைத்ததும் படம் பளிச்சென்று நிற்கும். நீ வைத்தால் நுரையீரல்தான் தெரியும். ஆகவே ஸ்கேன் பாடம் என்றால், நீ எடுத்த படத்தை வாங்கி, நீ போட்ட கோட்டைத் திருத்தித் திருப்பி அனுப்பும் கோர்ஸாகப் பார்த்துச் சேர். மற்றதற்குப் பணம் கட்டாதே. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன் யாருமில்லை.

உயிர் மீட்கும் முதலுதவியும் அப்படித்தான். ரெகவர் குழு 2012-இல் வெளியிட்ட நெறிமுறையை 2024-இல் புதுப்பித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், மூச்சு நிமிடத்துக்குப் பத்து. முன்பு நீண்ட நேரம் போராடும்போது அதிக அளவில் அட்ரினலின் போடுவோமே, அது இப்போது வேண்டாம் என்கிறார்கள். பாடப் பகுதி ஆன்லைனில், செய்முறை நேரில் என்று பிரித்து வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. நாங்கள் ஒரு பெரிய பொம்மை நாயை மேஜையில் கிடத்திப் பழகுகிறோம். தனக்குத் தெரியாமலே அழுத்துகிறவன் வேகம் குறைந்துகொண்டே வரும். பக்கத்தில் ஒருவர் போனில் தாளக் கருவியை ஓடவிட்டுக்கொண்டு, “இறங்குது, இறங்குது” என்று கத்தவேண்டும். முதல் தடவை எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். எந்த அமைப்பு எந்த மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதை உன் பதிவு மன்றத்திடம் கேட்டுக்கொள். வட அமெரிக்காவில் ரேஸ் என்ற அங்கீகாரம் செல்லும். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி, மருத்துவருக்கு வருஷம் 35 மணி நேரம், நர்ஸுக்கு 15 என்று வைத்திருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு: படித்ததை யோசித்துப் பார்த்து எழுதுவதை 2022 முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதனால் என் பணி எப்படி மாறியது என்று எழுதவேண்டும். வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்குபவனுக்கு அங்கே எழுத ஒன்றும் இருக்காது.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் புதிதாகக் கற்றதை எழுதுவதில்லை, இனி நிறுத்த வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். சிறுநீர்ப்பைத் தொற்று எப்போதாவது வரும் நாய்க்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது நிறுத்தம். 2019 வழிகாட்டுதலில் மூன்றிலிருந்து ஐந்து நாள்தான். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி தெரிந்தால் வைத்தியமே வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு என்றதும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கை போவது நிறுத்தம். நாய்க்குட்டிக்குக் கடைசித் தடுப்பூசியைப் பதினாறு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுவதும், டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான ஊசிகளை வருஷா வருஷம் போடுவதும் உலகச் சிறு பிராணி மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைப்படி நிறுத்தம். வளர்ந்த நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. வெறிநோய் ஊசி மட்டும் அந்தந்த இடத்துச் சட்டப்படி. இளம் டாக்டர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, “நீங்க நிறுத்தினதே இவ்வளவா சார்?” என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கம்பெனிகள் நடத்தும் இலவச வெபினார்களை ஒதுக்கவேண்டாம், நல்ல பேச்சாளர்கள் வருகிறார்கள். ஆனால் அந்த மருந்தை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒரு இடத்திலாவது சொல்கிறாரா என்று கவனி. சொல்லவில்லை என்றால் அது விளம்பரம். தீவனக் கம்பெனிக்கும் இதே சோதனைதான்.

பார்க்கும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள். கேஸை விவரித்து முடித்ததும் வீடியோவை நிறுத்தி, உன் கண்டறிதலை எழுதிவிட்டு மேலே ஓடவிடு. முடிந்ததும் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட இப்படித் தன்னையே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்தது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். நாம் விடுதியில் ஒருவனை ஒருவன் கேள்வி கேட்டுக் கடுப்பேற்றினோமே, அது வீண்போகவில்லை போலிருக்கிறது.

எங்கள் கிளினிக்கில் வாரம் ஒரு ராத்திரி எல்லோரும் வீடியோவில் கூடி ஒரு கேஸைப் பேசுகிறோம். நீயும் வாடா. நீ எழுதியிருந்தாயே, இருமிக்கொண்டே இருக்கும் அந்தக் கிழட்டு நாய், அதன் பக்கவாட்டு எக்ஸ்ரேயைச் சொந்தக்காரர் பெயரை மறைத்துவிட்டு அனுப்பு. அது இதயமா, மூச்சுக்குழாய் சுருங்குவதா என்று எனக்கும் இளம் டாக்டருக்கும் இப்போதே வாக்குவாதம். இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்