கூரையில் ஓட்டை போடும் முன்

அன்பு மகளுக்கு,

உன் ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனா பதிக்க, வண்டிக் கூரையில் எதைக் கொண்டு ஓட்டை போடுவது என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத வண்டியின் கூரையில் நீ ஓட்டை போடப் போகிறாய் என்று தெரிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் திட்டு விழும். அதனால்தான் கடிதம்.

காந்த அடி வைத்த ஆன்டெனாவே போதுமே என்று உன்னிடம் சொல்லமாட்டேன். கதவு இடுக்கில் கேபிள் நசுங்குவதும், காந்தத்துக்கு அடியில் மண் சேர்ந்து பெயிண்ட் கீறுவதும் நானும் பார்த்துச் சலித்ததுதான். கூரை நடுவில் ஒழுங்காகப் பதித்த மவுண்டுக்கு, அதாவது ஆன்டெனாவைத் தாங்கும் அடிப்பகுதிக்கு, ஈடு கிடையாது. நீ பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம், அதாவது ரேடியோ அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு, அரை மீட்டரை ஒட்டி வரும். சாதாரணக் காரின் கூரை நடுவிலிருந்து பக்கவாட்டு விளிம்பு வரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்தத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. அதனால் ஓட்டை போடு. எதைக் கொண்டு போடுவது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

ஸ்டெப் ட்ரில் (படிப்படியாக அகலமாகும் பிட்) ஒன்று வாங்கினால் போதுமா என்று கேட்டாய். ஓட்டை விழும், வட்டமாகவும் விழும். சாதாரண ட்ரில் பிட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். மெல்லிய தகட்டில் பெரிய பிட்டை வைத்தால் அது கவ்விக்கொண்டு மூணு மூலையாகக் கிழித்துவிடும். ஸ்டெப் ட்ரில் அப்படிச் செய்யாது. ஆனால் அதைக் கையில் எடுத்து நீளவாக்கில் பார். கூம்பு. 19 மி.மீ. படி தகட்டைத் தொடும்போது அதன் நுனி மூன்று, நான்கு செ.மீ. உள்ளே போயிருக்கும். கூரைத் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குக் கீழே உள்கூரைத் துணி எவ்வளவு தள்ளி இருக்கிறது? பல வண்டிகளில் ஒரு விரல் நுழையும் இடம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நேரிலேயே கற்றுக்கொண்டேன். கம்பெனி வண்டி ஒன்று, ரேடியோ பொருத்த வந்தது. லைனிங்கை, அதாவது அந்த உள்கூரையை, இறக்கச் சோம்பல்பட்டு மேலிருந்தே ஸ்டெப் ட்ரில்லை இறக்கினேன். தகடு சுலபமாக அறுபட்டுக்கொண்டே வந்தது. திடீரென்று மெஷின் சத்தம் மாறியது. நிறுத்திக் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தால், உள்கூரைத் துணி ட்ரில்லில் சுற்றிக்கொண்டு, நடுவில் தொப்புள் மாதிரி முறுக்கி நிற்கிறது. துணி மட்டும் இல்லை, அதை ஒட்டியிருந்த அட்டையும் உடைந்துவிட்டது. முழு லைனிங்கையும் மாற்றிக் கொடுத்தோம். சம்பளத்தில் பிடித்தார்கள், நியாயம்தான்.

ஸ்டெப் ட்ரில்லில் இன்னொரு வம்பும் உண்டு. மில்லிமீட்டர் அளவில் வருபவற்றில் பலவும் 2 மி.மீ. கணக்கில் ஏறும். 18, அப்புறம் நேராக 20. நீ வைத்திருக்கும் என்.எம்.ஓ. வகை மவுண்டுக்கு வேண்டிய ஓட்டை முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. 18-இல் நுழையாது, 20-இல் பிடிப்பு குறையும். அங்குல அளவில் வாங்கினால் முக்கால் படி கிடைக்கும். ஆனால் ஒரு படி கூடுதலாக இறங்கிவிட்டால் அந்த ஓட்டையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. லைனிங்கை முழுக்க இறக்கி வைத்திருந்து, வேண்டிய படிக்கு மேலே டேப் சுற்றிக்கொண்டு வேலை செய்தால் சரி.

நாக்-அவுட் பஞ்ச் பற்றியும் யாராவது உன்னிடம் சொல்வார்கள். மேலே ஒரு பாகம், கீழே ஒரு பாகம், நடுவில் போல்ட். முறுக்கினால் தகட்டை வட்டமாக வெட்டி எடுத்துவிடும். பிசிர் குறைவு, துகள் பறக்காது, எனக்கு மிகவும் பிடித்த கருவி. ஆனால் உள்பக்கம் கை போக வேண்டும். வாங்கும்போது ஏமாறாதே. மின்குழாய் வேலைக்கு விற்கிற செட்டில் எழுதியிருப்பது குழாயின் அளவு, ஓட்டையின் அளவு இல்லை. அதில் "முக்கால்" என்று போட்டதை எடுத்தால் ஏறக்குறைய 28 மி.மீ. ஓட்டை விழும். "அரை" என்றால் 22. இரண்டுமே உனக்கு ஆகாது.

லைனிங்கைக் கழற்றாமல் மேலிருந்தே போடுவதானால் ஆன்டெனா வேலைக்கென்றே செய்த ஹோல் சாதான் (விளிம்பில் பல் வைத்த, வட்டமாக அறுக்கும் கிண்ண ரம்பம்) வேண்டும். பல்லுக்கு மேலே அகலமான வளையம் ஒன்று இருக்கும். தகடு அறுந்ததும் அந்த வளையம் கூரையில் உட்கார்ந்துவிடும், அதற்குமேல் இறங்காது. நடுவில் வழிகாட்டும் பிட்டும் குட்டையாக இருக்கும். சிலவற்றில் அந்த வளையமே கிண்ணம் மாதிரி அமைந்து இரும்புச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். கை எவ்வளவு அழுத்தினாலும் கருவி தானாக நின்றுவிடும், எனக்கு அதுதான் முக்கியம். விலை கூடுதல்தான். ஒரே ஓட்டைக்கு இவ்வளவா என்று நீ கணக்குப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. உங்கள் ஹாம் நண்பர்களில் யாரிடமாவது நிச்சயம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், இரவல் கேள்.

அதுவும் கிடைக்கவில்லையா? இரும்புக்கான பைமெட்டல் ஹோல் சா, பல் பொடியாக இருப்பதாகப் பார்த்து வாங்கு. மரத்துக்கானது வேண்டாம், தகட்டைக் கடித்து இழுக்கும். நடு பிட்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, பல்லுக்கு வெளியே 5, 6 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பின்னுக்குத் தள்ளிவிடு. ஆனால் இதில் தடுப்பு வளையம் கிடையாது, அறுந்ததும் கை பொதுக்கென்று உள்ளே போகும். அதனால் இதற்கும் லைனிங்கைக் கொஞ்சமாவது இறக்கி, நடுவில் ஒரு மரப்பலகைத் துண்டைச் செருகி வை.

மெஷின் சாதாரண ட்ரில், மெதுவான கியரில். தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் டிரைவர் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

ட்ரில்லைத் தொடும் முன் உள்விளக்கைக் கழற்றி, அந்த இடைவெளியில் போன் கேமராவை நுழைத்துப் படம் எடு. குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது, ஒயர் எங்கே போகிறது என்று தெரியும். சட்டத்தின் மேல் ஓட்டை விழுந்தால் மவுண்ட் உட்காராது. கதவுகளுக்கு மேலே, இரண்டு ஓரங்களிலும் காற்றுப்பைகள் சுருட்டி வைத்திருக்கும். அந்தப் பக்கம் கருவியே போகக் கூடாது. கேபிளையும் அவற்றுக்குப் பின்னால்தான் கொண்டுபோக வேண்டும், குறுக்கே போட்டுவிடாதே. இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் அள. ஒரு முறை அளந்ததை நம்பாதே. மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ஒரு புள்ளி குத்தி, 3 மி.மீ. ஓட்டை முதலில். இந்தப் பிட்டும் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றியது.

அறுத்து முடித்த கையோடு துகளை வாக்யூம் கிளீனர் வைத்து உறிஞ்சு, ஈரத்துணியால் துடை. ஒரு ராத்திரி விட்டால்கூட பெயிண்டில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். வெள்ளை வண்டியில் அது அம்மா கண்ணில் படாமல் இருக்காது. பிசிரைச் சின்ன அரத்தால் எடுத்து, வெட்டு முகத்துக்கு மட்டும் துளி பெயிண்ட் தொட்டு வை. அடிப்பக்கம் மவுண்டின் பல் கடிக்கும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது, அங்கே வெறும் இரும்பு தெரியட்டும். எர்த் கிடைப்பது அதில்தான். புளித்த வாடை அடிக்கிற சிலிகான் பசை வேண்டாம், இரும்பை அரிக்கும். ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்தாலே தண்ணீர் இறங்காது.

கடைசியில் மல்டிமீட்டர். கேபிளின் வெளிவலைக்கும் வண்டி உடலுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஆன்டெனாவை மாட்டும் முன் நடுக்கம்பிக்கும் வலைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

விளக்கு வழியாக எடுத்த படங்களையும், தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதையும் எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ட்ரில்லை சார்ஜில் மட்டும் போட்டு வை. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா